விதியின் மேல் பழியா?

புதுச்சேரியில் 1898-இல் தோன்றி, பின்னர் அரசுடைமையான ஏ.எஃப்.டி. பஞ்சாலை 2020 ஏப்ரலில் நிரந்தரமாக மூடப்பட்டது. 2011 டிசம்பரில் வீசிய ‘தானே’ புயல் அதனைச் சிதைத்தது உண்மையே. ஆயினும், முன்பே நலிந்திருந்த ஆலையைத்தான் புயல் வீழ்த்தியது. இயந்திரங்கள் பழமையடைந்தன, நட்டம் ஆண்டுதோறும் ஏட்டில் ஏறியது, அரசு தந்த பணமோ ஊதியத்திற்கே கரைந்தது.

செழிப்பான ஏழாண்டுகளிலேயே பஞ்ச காலத்திற்கெனத் தானியத்தைக் கதிரோடு சேமிக்குமாறு யூசுப் நபி (அலை) அவர்கள் கூறியதைத் திருமறை எடுத்துரைக்கின்றது. வருவாயுள்ள நாளில் தேய்மான நிதி ஒதுக்கி, இயந்திரங்களைப் புதுப்பிப்பதே அதன் இன்றைய வடிவம்.

நிர்வாகம் ஓர் அமானிதம். தணிக்கையில் தெரிந்த பழுதை அந்த ஆண்டே தீர்க்காதவர், தொழிலாளியின் முதுமைக்கால உணவைப் பறித்தவராவார். எதிர்பாராத துன்பம் இறைவனின் சோதனை. கணக்கேட்டில் கண்டும் காணாதிருந்த நட்டத்திற்கு விதியின் மேல் பழி சுமத்தலாகாது.