அகக்கண் என்னும் அணி: மாற்றுத்திறன் கலைஞரை ஆவணப்படமாக்குதலில் எழும் சில வினாக்கள்

பார்வையற்ற ஓவியர் ஒருவரைப் பற்றிய ஆவணப்படத்திற்கு 'அகக்கண்' என்று பெயரிட்டால் தமிழ் வாசகர் எவரும் தயங்கப் போவதில்லை. ஊனக்கண், ஞானக்கண் என்னும் இணை தமிழ்ச் சைவ மரபில் ஆழ வேரூன்றியது. சிவஞானபோதத்தின் ஒன்பதாம் நூற்பா அவ்விணையின் மேல்தான் நிற்கிறது. எனினும் அங்கே ஊனக்கண் என்பது ஊனாலாகிய கண். பார்வையுடைய எல்லாருடைய கண்ணும் அதுவே. ஞானக்கண்ணைத் தேடும் கடமையும் எல்லார்க்கும் பொது. பிற்காலப் பாராட்டுரைகளில் இப்பொருள் மெல்ல இடம் பெயர்ந்துவிட்டது. மாந்தர் அனைவருக்கும் வேண்டுவதாகச் சொல்லப்பட்ட ஒன்று, பார்வையற்றோர்க்கு மட்டும் வழங்கப்படும் இழப்பீடாகச் சுருங்கியது. 'ஊனக்கண்' என்பதிலுள்ள ஊனைக் குறையைச் சுட்டும் 'ஊனம்' என மயங்கிக் கொள்ளும் வழக்கும் இதனோடு சேர்ந்துகொண்டது. மாற்றுத்திறன் கலைஞரைப் படமெடுக்க முனையும் இளம் இயக்குநர் ஒருவர், ஒளிப்படக் கருவியைக் கையில் எடுப்பதற்கு முன்னரே இந்த அணி அவருக்கான கதையை எழுதி முடித்துவிடுகிறது என்பதே இங்குள்ள இடர்ப்பாடு.

சத்யஜித் ரே 1972-இல் பிலிம்ஸ் டிவிஷனுக்காக எடுத்த 'தி இன்னர் ஐ' என்னும் படம் இவ்வகையில் தனித்து ஆராயத்தக்கது. ஏறத்தாழ இருபது நிமிடம் ஓடும் இப்படம் சாந்திநிகேதன் ஓவியர் பினோத்பிகாரி முகர்ஜியைப் (1904–1980) பற்றியது. 1940-களின் தொடக்கத்தில் கலாபவனில் பயின்ற ரேக்கு அவர் ஆசிரியர். படத்தின் பெயர் மேற்சொன்ன அணியை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், படம் தன் பெயரை விடச் சிறந்தது. மாணவர் ஆசிரியரிடம் காட்டும் அடக்கம் அதன் கூற்று முறையில் உள்ளது. இரங்கும் குரல் இல்லை, கண்ணீர் இல்லை, அவரைச் சான்றோராக்கும் முயற்சியும் இல்லை.

முகர்ஜியின் வாழ்க்கையைச் சொல்வோர் பெரும்பாலும் அதனை இரண்டாகப் பிளந்துவிடுகின்றனர். 1956-57 காலப்பகுதியில் செய்யப்பட்ட கண்புரை அறுவைச் சிகிச்சையைத் தொடர்ந்து அவர் பார்வை முற்றும் போயிற்று. அதற்கு முன் ஓவியர், அதற்குப் பின் வியப்பு என்பது இக்கதையின் கட்டுமானம். நாடகத்திற்கு இது வசதியானது, வரலாற்றுக்குப் பொருந்தாதது. பிறவியிலேயே அவருக்கு ஒரு கண்ணில் பார்வை இல்லை. மற்றொன்றிலும் கடுமையான கிட்டப்பார்வைக் குறை. அவருடைய ஓவிய வாழ்வில் முழுப் பார்வையோடு கழிந்த பகுதி என்று ஒன்று இருந்ததே இல்லை. 1946-47-இல் சாந்திநிகேதன் இந்தி பவனத்தின் சுவர்களில் அவர் தீட்டிய இடைக்காலச் சமயச் சான்றோர் ஓவியத்தை இவ்வுண்மையோடு சேர்த்துப் பார்த்தல் வேண்டும். இராமானுசர், கபீர், சூர்தாசர், துளசிதாசர் முதலியோர் மக்கள் திரளினூடே ஓர் ஆற்றொழுக்காக நகரும் அப்பெருஞ்சுவரை, மிக அருகில் நின்றாலன்றித் தெளிவாகக் காணவியலாத ஒருவர் ஆக்கினார். முழுச்சுவரையும் ஒரே பார்வையில் அளந்து திட்டமிடும் வழி அவர்க்கு இல்லை. உருவத்திலிருந்து அடுத்த உருவத்திற்கு, அதிலிருந்து மற்றொன்றுக்கு எனத் தொடர்ந்து செல்லும் இயக்கம் அவ்வோவியத்தின் அமைப்பாகவே ஆகியிருப்பதை இந்தக் கண்களோடு தொடர்புபடுத்தி ஆராய்வது பொருத்தமுடையது. அவ்வாறு நோக்கின் குறைபாடு என்பது அவர் கடந்து சென்ற தடையன்று; பணி நிகழ்ந்த நிலைமைகளுள் ஒன்று. சுவரின் ஈரம், சாயத்தின் இயல்பு, சாரத்தின் உயரம் ஆகியவற்றைப் போல அதுவும் கணக்கில் கொள்ளப்பட வேண்டியது.

(அச்சுவரில் சூர்தாசர் இருக்கிறார் என்பது ஓர் ஆவணப்பட இயக்குநருக்குப் பெரும் ஆசை காட்டும் செய்தி. பார்வையற்றவராக மரபு போற்றும் கவிஞரைத் தீட்டியவர் பத்தாண்டில் தாமும் பார்வை இழந்தார் என்று ஒரு வரி போதும். அரங்கம் பெருமூச்சு விடும். ஊழ்வினையைத் திரைக்கதை ஆசிரியராக அமர்த்திக்கொள்ளும் இத்தகைய வரிகளை வெட்டி எறிவதில்தான் படத்தொகுப்பாளரின் நேர்மை இருக்கிறது.)

'தி இன்னர் ஐ' படத்தின் வலிமை, பார்வை போன பின் முகர்ஜி செய்த பணியைக் கைகளின் பணியாகக் காட்டுவதில் உள்ளது. தாளை மடித்தும் வெட்டியும் ஒட்டியும் உருவங்களை அமைத்தார், மெழுகில் சிற்றுருவங்கள் செய்தார், கோட்டோவியங்கள் வரைந்தார், 1972-இல் கலாபவனில் சுட்ட ஓடுகளாலான சுவரோவியம் ஒன்றையும் அமைத்தார். விரல் ஒரு விளிம்பைத் தேடுவதும், அளப்பதும், உறுதி செய்வதும் திரையில் தெரியும்போது பார்வையாளர் கேட்கும் கேள்வி மாறுகிறது. 'இவராலும் இயலுமா' என்பது போய், 'இதை எவ்வாறு செய்கிறார்' என்பது வருகிறது. இவ்விரு கேள்விகளுக்கும் இடையிலான தொலைவு இலக்கணம் கற்றோர்க்கு எளிதில் விளங்கும். 'பார்வையற்றவரும் வரைகிறார்' என்னும் தொடரில் வரும் உம்மை இழிவுசிறப்பும்மை. பாராட்டும் நோக்கில் சொல்லப்பட்டாலும் அது ஒருவரைத் தாழ்ந்த படியில் நிறுத்திய பின்னரே பாராட்டத் தொடங்குகிறது. மாற்றுத்திறன் கலைஞர் பற்றிய படங்களின் பின்னணிக் குரலில் இவ்வும்மை எத்தனை முறை ஒலிக்கிறது என்று எண்ணிப் பார்ப்பது நல்லதோர் ஆய்வாக அமையும்.

தமிழ் மரபு இவ்விடயத்தில் முற்றிலும் வறியதன்று. அந்தகக்கவி வீரராகவ முதலியாரைப் பற்றி வழங்கும் செவிவழிச் செய்திகளுள், முதுகில் எழுத்தை எழுதச் செய்து அவர் எழுத்தறிவு பெற்றார் என்பதும் ஒன்று. அதன் உண்மை எவ்வாறாயினும், அக்கதையைச் சொன்னோர் அருளால் வந்த அறிவு என்று முடித்துவிடாமல் கற்ற முறையைச் சொல்ல விரும்பினர் என்பது கருதத்தக்கது. தோலும் விரலும் ஆசிரியரும் அக்கதையில் இருக்கின்றனர்.

ரேயின் படம் அரசு நிறுவனத்தின் பணத்தில் உருவானது. அதனால் அது அடிமைப்பட்டுவிட்டது என்பதற்கில்லை. ஆயினும் இருபது நிமிடம் என்பது ஒரு வாழ்க்கையை அறிமுகம் செய்யவே போதுமானது. சுயாதீன ஆவணப்படம் என்பதன் பொருளைப் பணம் எங்கிருந்து வந்தது என்பதைக் கொண்டு மட்டும் வரையறுப்பது தமிழ்த் திரை எழுத்தில் காணப்படும் பழக்கம். மாற்றுத்திறன் கலைஞரைப் பொறுத்தவரை சுயாதீனத்தின் முதற்பயன் காலம். களைப்பு, வலி, மருந்து, உதவியாளரின் வருகை ஆகியவற்றைச் சார்ந்து நகரும் ஒருவரது நாளை, மூன்று நாட்களில் படப்பிடிப்பை முடிக்க வேண்டிய குழுவால் பதிவு செய்ய இயலாது; அவர்கள் பதிவு செய்வது கலைஞர் அவர்களுக்காக ஒதுக்கிய நல்ல நேரத்தை மட்டுமே.

அமெரிக்கரான ஜெஃப் மால்ம்பெர்க் ஏறத்தாழ நான்காண்டுகள் உழைத்து 2010-இல் வெளியிட்ட 'மார்வென்கோல்' இதற்குச் சான்று. நியூயார்க் மாநிலத்தின் கிங்ஸ்டன் ஊரைச் சேர்ந்த மார்க் ஹோகன்கேம்ப் 2000-ஆம் ஆண்டு ஏப்ரலில் மதுக்கூடம் ஒன்றின் வெளியே ஐவரால் தாக்கப்பட்டார். ஒன்பது நாள் நினைவின்றிக் கிடந்தார். மூளைக் காயத்தால் முன்னைய வாழ்வின் நினைவுகளுள் பெரும்பகுதியை இழந்தார். நடக்கவும் எழுதவும் மீண்டும் கற்றுக்கொண்டார். மருத்துவ உதவித் தொகை நின்றபோது சிகிச்சையும் நின்றது. அதன்பின் அவர் தம் வீட்டுக் கொல்லையில் ஆறில் ஒரு பங்கு அளவில் இரண்டாம் உலகப் போர்க்காலப் பெல்ஜியச் சிற்றூர் ஒன்றை அமைத்து, பொம்மைகளை நிறுத்திப் படமெடுக்கலானார். சிகிச்சையாகத் தொடங்கிய அப்படங்கள் 'எசோபஸ்' இதழில் வெளியாயின. பின்னர் நியூயார்க் நகரக் காட்சிக்கூடத்தில் இடம்பெற்றன. மால்ம்பெர்க் அந்தப் பொம்மை ஊருக்குள் பார்வையாளரை முதலில் குடியேற்றுகிறார். அவ்வூரின் சட்டம், காதல், பகை யாவும் பழகிய பின்னரே வெளியுலகு வருகிறது. இதற்கு வேண்டிய பொறுமை நான்காண்டுகளில் விளைந்தது.

ஆனால் அதே படம் ஒரு சங்கடத்தையும் உடன் கொண்டுவருகிறது. பெண்களின் காலணிகளை அணிவதில் தமக்குள்ள விருப்பத்தை ஹோகன்கேம்ப் அன்றிரவு வெளிப்படுத்தியதே தாக்குதலுக்குக் காரணமாயிற்று என்பதைப் படம் தொடக்கத்தில் சொல்வதில்லை. பின்னர் ஓரிடத்தில் திறந்து காட்டுகிறது. இதனை இருவகையாக வாசிக்கலாம். முதலிலேயே கூறியிருந்தால் பார்வையாளர் அவரை அச்செய்தியின் வழியாகவே கண்டிருப்பர். ஆகவே காலந்தாழ்த்தியது கலைஞருக்குச் செய்த மரியாதை. மறுபுறம், ஒருவர் உயிரை ஏறத்தாழப் பறித்த செய்தியைக் கதைத் திருப்பத்திற்கான கையிருப்பாக வைத்துக்கொண்டதாகவும் இது தோன்றும். முதல் வாசிப்பே வலுவுடையது. எனினும் இரண்டாவதைத் தள்ளிவிட இயலாமைக்குக் காரணம், நினைவிழப்புற்ற ஒருவரிடம் பெறும் இசைவு எத்தகையது என்னும் வினா. படப்பிடிப்பின் முதல் நாளில் கையொப்பம் பெற்ற தாள் நான்காம் ஆண்டின் படத்தொகுப்பு மேசையில் செல்லுபடியாகுமா? ஒவ்வொரு கட்டத்திலும், குறிப்பாக எது எப்போது வெளிப்படும் என்று முடிவு செய்யும் கட்டத்தில், இசைவு மீளவும் கேட்கப்பட வேண்டும். இது இயக்குநரின் உரிமையைக் குறைக்கும் என்பது உண்மையே; குறையட்டும்.

கேட்கவே இயலாத நிலையும் உண்டு. 1943-இல் பிறந்து 2005-இல் மறைந்த ஜூடித் ஸ்காட் டவுன் நோய்க்குறியும் செவிப்புலன் இன்மையும் உடையவர்; பேசாதவர். ஏழு வயதில் காப்பகத்தில் விடப்பட்டு, பல பத்தாண்டுகளுக்குப் பின் அவருடைய இரட்டைச் சகோதரியால் மீட்கப்பட்டு, 1987-இல் ஓக்லாந்தின் கலைக்கூடமொன்றில் சேர்ந்தார். நூலும் துணியும் சுற்றிச் சுற்றி அவர் ஆக்கிய சிற்பங்கள் இன்று அருங்காட்சியகங்களில் உள்ளன. அவரைப் பற்றிய படங்களில் பிறர் பேசுகின்றனர், வேறு வழியில்லை. அத்தகைய இடத்தில் பேச்சைக் குறைத்து, சுற்றும் கைகளை நீண்ட நேரம் காட்டுவதே இயக்குநரால் இயன்ற நேர்மை.

இவ்வளவும் எடுப்பவர் பக்கம். காண்பவர் பக்கம் பேசப்படுவது மிகக் குறைவு. தம்மைப் பற்றி எடுக்கப்பட்ட 'தி இன்னர் ஐ' படத்தை முகர்ஜி கண்டிருக்க இயலாது. ஒலி விவரணை என்னும் முறை அன்று வழக்கில் இல்லை. இன்று அந்த விலக்கு இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு, ஒலி விவரணை, சைகை மொழிபெயர்ப்பு, எழுத்துரை ஆகியவற்றின் வழி ஊடகங்களை அணுகச் செய்யும் கடமையை அரசின் மேல் வைக்கிறது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் 'ஆங்க் மிச்சோலி' திரைப்படம் தொடர்பான வழக்கில், மாற்றுத்திறனாளிகளைச் சித்திரிக்கும் முறை குறித்து நெறிகள் வகுத்தது. அவர்களை விலக்கி வைத்து அவர்களைப் பற்றி எதுவும் செய்தல் ஆகாது என்னும் கோட்பாடும் அவற்றுள் இடம் பெற்றது. சுயாதீன இயக்குநரின் சிறு நிதியில் ஒலி விவரணைக்கு இடமில்லை என்பது வழக்கமாகச் சொல்லப்படும் மறுப்பு. இறுதியில் ஒட்டவைக்கும் செலவாகக் கருதினால் அது சரியே. படமெடுக்கும்போதே மனத்தில் கொண்டால், எங்கே அமைதி விட வேண்டும், எதை உரையாடலில் சொல்ல வேண்டும் என்று படத்தின் வடிவமே மாறும்.

தமிழ்த்துறைகளுக்கு இதில் நேரடியான பணி உண்டு. ஒலி விவரணை என்பது சில நொடி இடைவெளிக்குள், உணர்ச்சியைத் திணிக்காமல், கண்டதைச் சொல்லும் உரைநடை. அதற்கான தமிழ் நடை இன்னும் போதிய அளவில் ஆராயப்படவில்லை. ரே 1976-இல் தமிழக அரசின் நிதி ஆதரவும் பெற்றுப் பாலசரசுவதியைப் பற்றி எடுத்த 'பாலா' முப்பத்து மூன்று நிமிடமே ஓடுவது. தமிழருக்கு மிக நெருங்கிய பொருளுடையது. முதல் முயற்சியாக அதற்கு ஒரு தமிழ் விவரணை எழுதப்படலாம். கடற்கரையில் காற்று சேலையை அலைக்க, அவர் கை ஒரு குழந்தையை அழைக்கும் இடத்தில், பாடலின் மேல் ஏறாமல் எத்தனை சொற்களைச் சொல்ல இயலும், முத்திரையின் பெயரைச் சொல்வதா, விரல்களின் நிலையைச் சொல்வதா என்பதைப் பார்வையற்ற மாணவரையும் உடன் அமர்த்தித் தீர்மானிக்க வேண்டியிருக்கும்.