ஆயுத பூசையும் தொழில் அறிவும்

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஆயுத பூசை நடைபெறும் தடபுடலை நேரில் பார்த்த தோழர்கள் அநேகர் இருப்பார்கள். அன்று லேத்துக்குச் சந்தனம், டிரில்லிங் மெஷினுக்குக் குங்குமம், ஸ்பானருக்குப் பொட்டு, வாசலில் பூசணிக்காய் உடைப்பு, ஆளுக்கொரு பொரிப் பொட்டலம்! மறுநாள் அதே லேத்தின் முன் பத்து வருஷமாய் நிற்கும் தொழிலாளி, "கியரை மாற்றினால் மரையின் இடைவெளி ஏன் மாறுகிறது?" என்று கேட்பானேயானால், "உனக்கெதற்கப்பா அந்தச் சங்கதி? கொடுத்த ஜாப்பைப் போடு" என்பதே பதில். இயந்திரத்துக்கு மாலை, அதை ஓட்டுகிறவனுக்கு வாய்ப்பூட்டு. சந்தனம் பூசியதால் எந்த லேத்தாவது ஒரு மயிரிழை துல்லியம் கூடிற்றா என்று கேட்கின்றோம்.

1949ல் டி.ஐ. சைக்கிள் கம்பெனி, 1961ல் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை, 1964ல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை என்று இந்தப் பிரதேசத்துக்குத் தொழில் வந்தது. இடையே 1953ல், பிள்ளைகளுக்கு அரை நாள் பள்ளிக்கூடம், மீதி நேரம் தகப்பன் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். அது 1954ல் ஒழிந்தது. 1965ல் ஆவடியிலிருந்து விஜயந்தா டாங்கி வெளிவந்ததே, டாங்கி செய்வது யாருடைய குலத்தொழில்? கோவை ஜி.டி. நாயுடு எந்த இன்ஜினீயர் வீட்டில் பிறந்தார்? ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கிப் பிரித்துப் பிரித்துப் பார்த்தல்லவா தொழில் படித்தார்! தொழில் அறிவு ரத்தத்தில் வருவதல்ல; கற்பதினாலும், பழகுவதினாலும், கெடுத்துப் பார்ப்பதினாலும் வருவது.

ஆனால் கெடுத்துப் பார்க்க யார் விடுகிறார்கள்? நமக்குத் தெரிந்த பட்டறை ஒன்றில், துளைகள் எல்லாம் ஒரே பக்கமாய்த் தள்ளிப் போவதை ஒரு பயிற்சிப் பையன் கவனித்து, "ஜிக்கின் புஷ் தேய்ந்திருக்கிறது" என்று சொன்னான். "நேற்று வந்தவன் எனக்குப் புத்தி சொல்கிறாயா?" என்று சூப்பர்வைசர் விரட்டிவிட்டார். ரிஜெக்ட் குவிந்தது, கூலியிலும் பிடித்தார்கள். கடைசியில் வெளியிலிருந்து சம்பளம் கொடுத்து ஓர் இன்ஜினீயரை அழைத்து வந்தார்கள். அவர் கால் மணி நேரத்தில் புஷ்ஷைத்தான் காட்டினார். பையனிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதன் பிறகு அவன் எதைக் கண்டாலும் சொல்வதில்லை. அவனைக் குறை சொல்ல முடியுமா?

இதில் முதலாளியை மட்டும் திட்டுவது யோக்கியமாகாது. டூலைச் செட் செய்யும்போது முதுகைத் திருப்பிக்கொண்டு மறைக்கிற மேஸ்திரிகள் நம்மவர்களிலேயே இருக்கின்றார்கள். மந்திரத்தைப் பிறர் காதில் விழாமல் ஒளித்தவர்களைப் பற்றி மேடையில் கேலி செய்துவிட்டு, பட்டறைக்குப் போய் மைக்ரோமீட்டரை ஒளித்து வைத்தால் அது எந்தச் சுயமரியாதையில் சேர்ந்தது?

வெளிநாட்டில் இதை எப்படிப் பார்த்தார்கள்? டெமிங் என்னும் அமெரிக்கர் 1950ல் ஜப்பானுக்குச் சென்று, சரக்கின் தரத்தைக் கணக்கினால் அளந்து உயர்த்தும் வழியைப் போதித்தார். தொழிற்சாலையிலிருந்து பயத்தை விரட்டுங்கள், தன் வேலையில் தொழிலாளி பெருமை கொள்வதற்குக் குறுக்கே நிற்பதை நீக்குங்கள் என்பவை அவர் முக்கியமாய் வற்புறுத்தியவை. டொயோட்டா தொழிற்சாலையில், கோளாறு கண்ட தொழிலாளி யாராயினும் ஒரு கயிற்றை இழுத்து உற்பத்தியையே நிறுத்தலாம். நம் ஊரில் அப்படி இழுத்தால் அவன் சீட்டையல்லவா கிழிப்பார்கள்! டெமிங் பெயரால் ஜப்பானியர் கொடுக்கும் பரிசை, அம்பத்தூருக்குப் பக்கத்திலுள்ள பாடியில் சுந்தரம் கிளேட்டன் கம்பெனியின் பிரேக் பிரிவு 1998ல் பெற்றது. இந்தியாவில் அதைப் பெற்ற முதல் கம்பெனி அதுவே. முதலாளிகளுக்குப் பாராட்டுப் பத்திரம் வாசிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. "நம் ஆட்களுக்கு மூளை போதாது" என்பவர்களுக்குப் பதிலாகச் சொல்லுகின்றோம்.

"கற்றுக்கொடுத்தால் அடுத்த கம்பெனிக்கு ஓடிவிடுவான்" என்பார்கள். ஓடுகிறவன் கூலி போதாமல் ஓடுகிறான். கற்றுக்கொடுக்காமல் வைத்தால் மட்டும் லாபமா? ஒன்றும் தெரியாதவன் ஓடாமல் இருந்து செய்கிற நஷ்டத்தை யார் கணக்கெடுத்தார்கள்? சில மாதத்துக்கொரு தரம் காண்டிராக்ட் ஆளை மாற்றிக்கொண்டே, "திறமைசாலி கிடைக்கவில்லை" என்று அழுவது விதைநெல்லை அவித்துவிட்டு முளைக்கவில்லை என்பது போலாகும். 1961ல் தொழிற் பயிற்சியாளர் சட்டம் வந்தது கற்றுக்கொடுப்பதற்காக. சில இடங்களில் பயிற்சிப் பிள்ளைகள் இரும்புச் சுருளைக் கூட்டி அள்ளுவதோடு சரி.

பெரிய மூலதனம் ஒன்றும் வேண்டாம். அளவை மட்டும் சொல்லாமல் டிராயிங்கைக் கையில் கொடுத்து, இந்த உருப்படி எந்த வண்டியில் எங்கே போய்ச் சேருகிறது என்று காட்டலாம். ஒரே மெஷினில் கட்டிப்போடாமல் மாற்றி மாற்றி விடலாம். ஒரு ஜாப் கெட்டால், கூலியைப் பிடிக்குமுன் ஏன் கெட்டது என்று அவனையே கண்டுபிடிக்கச் சொல்லலாம். தொழிலாளத் தோழர்களும் "தலையெழுத்து" என்று உட்காராமல், சங்கக் கூட்டத்தில் போனஸோடு இதையும் கேட்க வேண்டும்.

வருகிற ஆயுத பூசைக்குப் பூசணிக்காய்க்கும் பொரிக்கும் ஒதுக்கும் பணத்தில் ஒரு வெர்னியர் வாங்கி, அலமாரியில் பூட்டாமல், பயிற்சிப் பிள்ளைகள் கையில் கொடுத்துப் பார்க்கட்டும்.