காலங் காட்டும் கடமை

காவிரி நாட்டார்க்குக் காலக்கணக்குப் புதிதன்று. நாழிகை வட்டிலில் நீரளந்து பொழுதறிந்தவர் நம் முன்னோர். கும்பகோணத்தையடுத்த திருவிசநல்லூர்ச் சிவாலயத்து மதிலில் வெயிற்கடிகாரம் ஒன்று இன்றும் உளது. முறைவைத்து நீர் பாய்ச்சும் வாய்க்காலில் மேல்மடையான் ஒரு நாழிகை மிகுத்துக்கொள்வானாயின், கடைமடையான் பயிர் அவ்வளவு நீரை இழக்கும். ஆதலின், பிழையற்ற காலம் நீதியோடு பிணைந்தது என்பதை உழவர்க்கு எவரும் உரைக்க வேண்டுவதில்லை.

இவ்வுண்மையை வாணிகத்தில் விளக்கியது சென்னை பி. ஆர் அண்டு சன்ஸ் என்னும் கடிகார நிலையம். பிரிட்டனிலிருந்து வந்த கடிகாரத் தொழில்வல்லார் பீட்டர் ஆர் என்பவர் 1849-இல் இதனை நிறுவினார். கடிகாரங்களோடு வெள்ளிக் கலன்களும் நகைகளும் விற்றுப் புகழ் பெற்ற இந்நிலையம், 1879-இல் மவுண்ட் ரோட்டில் கோபுரத்தோடு கூடிய மாளிகையை எழுப்பிக்கொண்டது. பிற்காலத்தில் இந்தியர் கைக்கு மாறிற்று.

இதன் பெருமை மாளிகையில் இல்லை. 1792 முதல் நுங்கம்பாக்கத்தில் இயங்கிய வானிலைக் கூடத்தார் விண்மீன்களின் கதியை நோக்கிச் சென்னைக் காலத்தைக் கணித்தனர். அக்கூடத்தோடு இந்நிலையத்தின் கடிகாரம் இணைக்கப்பட்டிருந்தது. ஆகவே, ஒரு காசும் கொடாத வழிப்போக்கனும் அண்ணாந்து பார்த்து மெய்க்காலத்தை அறிந்தான். 1906-ஆம் ஆண்டில் இந்தியப் பொதுநேரம் வந்தபோது, சென்னைக் காலத்தினும் அது ஏறக்குறைய ஒன்பது நிமிஷம் முந்தியிருந்தது. எது பொதுவோ அதற்கே கடிகாரங்கள் பணிய வேண்டியவாயின.

இக்காலத்தில் ஒவ்வொருவர் கையிலும் தொலைபேசி நேரங் காட்ட, மணிக்கூண்டு எதற்கு என்பார் உளர். கைப்பொருள் தன்னை உடையானுக்கே காட்டும். மணிக்கூண்டோ, செல்வர்க்கும் வறியவர்க்கும் ஒரே காலத்தைச் சான்றாக நின்று காட்டும். தஞ்சையில் 1883-இல் எழுந்த மணிக்கூண்டும் அத்தகைய பொதுச்சொத்தேயாம். நின்றுபோன பொதுக்கடிகாரம் இல்லாமையினும் தீது; அது நாடோறும் நாற்றிசைக்கும் பொய் கூறுகின்றது.

ஆகவே, நம் டெல்டா நாட்டு நகரசபைகள் மணிக்கூண்டுகளுக்கு வெள்ளையடிப்பதோடு அமையாது, அவற்றின் சக்கரங்களைத் துடைத்து எண்ணெயிட்டுப் பேணும் வினைஞர்க்கும் ஆண்டுதோறும் பொருள் ஒதுக்க வேண்டும் என்பது நம் கருத்து. கடிகாரம் பழுதுபார்ப்போர் அருகி வருகின்றனர். அக்கைத்தொழிலைக் கற்க விழையும் மாணவரை எவரும் இழிவாக எண்ணற்க. நாமும் குறித்த வேளைக்கு வகுப்பிலும் கூட்டத்திலும் இருப்போமாக. பிறர் நாழிகையைக் கவர்தலும் அயலான் வயல்நீரைக் கவர்தலும் ஒன்றேயன்றோ?