விகிதாசாரமும் வயோதிபமும்

1871ஆம் ஆண்டில் இலங்கைத் தீவின் குடிகளை முதன்முறை ஒழுங்காக எண்ணியபோது கிடைத்த தொகை சுமார் 24 இலட்சம். 2024ஆம் ஆண்டின் தொகைமதிப்போ 2 கோடியே 17 இலட்சத்துக்கு மேற்பட்டோரைக் காட்டுகின்றது. ஒவ்வொரு தொகைமதிப்பும் வெளிவரும் வேளையில் தமிழர்களாகிய நாம் முதலில் தேடுவது இனவாரியான அட்டவணையையே. அதில் குற்றமில்லை; சட்டசபைப் பிரதிநிதித்துவமும் பல்கலைக்கழகப் பிரவேசமும் விகிதாசாரக் கணக்குகளோடு பிணைந்து கிடந்த ஒரு நாட்டில், தம் பங்கு குறைந்ததா என்று பார்ப்பது இயல்பே. ஆயினும், அந்த ஓர் அட்டவணையோடு பத்திரிகையை மடித்து வைத்துவிடும் வழக்கம் நமக்குப் பெருநஷ்டத்தை விளைவிக்கின்றது என்பதே என் அபிப்பிராயம்.

2012இல் நூற்றுக்கு 4.1ஆக இருந்த மலையகத் தமிழரின் பங்கு இப்போது 2.8 என்று காண்கின்றோம். பன்னிரண்டு ஆண்டுகளின் பிறப்பும் இறப்பும் புலப்பெயர்வும் மட்டும் ஒரு சமூகத்தை இவ்வளவு தூரம் குறைத்துவிட மாட்டா. 1911ஆம் ஆண்டுத் தொகைமதிப்பில் தனிப் பிரிவாக்கப்பட்டு, 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மக்களின் பேரப்பிள்ளைகள், கொழும்பில் கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியிலும் செட்டியார் தெருவிலும் வேலைதேடி வந்து நிலைத்தபின், தம்மை இலங்கைத் தமிழர் என்றே எழுதுவிப்பதை நாம் அறிவோம். இலங்கைத் தமிழரின் பங்கு 11.1இலிருந்து 12.3ஆக உயர்ந்திருப்பதும் இதனோடு பொருந்துகின்றது. ஆகவே தோட்டக் காணியும் வீடும் கேட்கும் மலையகத் தமிழரிடம், "உங்கள் தொகைதான் குறைந்துவிட்டதே" என்று எவரும் சொல்ல நாம் இடங்கொடுத்தலாகாது.

இனம் பற்றிய விடை சொல்வோரின் விருப்பப்படி மாறலாம்; வயது அப்படி மாறுவதன்று. நாடு முழுவதிலும் 65 வயதை எட்டியோர் 2012இல் நூற்றுக்கு 8க்குச் சற்றுக் குறைவாயிருக்க, இப்போது 12ஐத் தாண்டிவிட்டனர். பதினைந்து வயதுக்குட்பட்டோர் 25இலிருந்து 21 அளவுக்கு இறங்கிவிட்டனர். வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடற்கரைக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் நெருங்கி எழுந்துள்ள தொடர்மாடிகளில், 1995இல் யாழ்ப்பாணத்தை விட்டு வந்து, பிள்ளைகளை ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் அனுப்பிவிட்டுத் தனித்திருக்கும் தாய்தந்தையர் எத்தனை பேர்! குழாய்நீர், மின்சாரம், கழிவறை என்ற தொகைமதிப்புக் கேள்விகளுக்கெல்லாம் அவர்களின் வீடு நிறைவான விடையையே அளிக்கும். லிஃப்ட் பழுதானால் ஐந்தாம் மாடியிலிருந்து இறங்க முடியாமையும், நள்ளிரவில் மூச்சுத் திணறினால் அழைக்க அயலில் ஒருவரில்லாமையும் எந்த அட்டவணையிலும் ஏறுவதில்லை. வெளிநாட்டுப் பணம் மாதந்தோறும் வருகின்றது. மருந்துக் கடைக்குப் போய்வர ஆள் வருவதில்லை. வடக்கிலிருந்து அண்மையில் வந்தோர் பொலிசில் பதிய வேண்டுமென்று 2008இல் கொழும்பில் பிறந்த கட்டளையை மறவாத இவர்கள், கதவைத் தட்டிய கணக்கெடுப்பாளருக்கு உள்ளதை உள்ளபடி சொன்னார்களென்றால், அந்த நம்பிக்கைக்கு அரசாங்கம் கடமைப்பட்டுள்ளது.

கொச்சிக்கடைச் சிவன் கோயிலை நிறுவிய பொன்னம்பல முதலியாரின் புதல்வரும், 1901ஆம் ஆண்டுத் தொகைமதிப்பின் அத்தியட்சருமான சேர் பொன்னம்பலம் அருணாசலம், எண்களை அடுக்கியதோடு அமையாது, மக்களின் சமயம், மொழி, சரித்திரம் முதலியவற்றையும் விரித்தெழுதிய ஓர் அறிக்கையை விட்டுச்சென்றார். அத்தகைய வாசிப்பு இன்று தமிழில் நடைபெறல் வேண்டும். தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் கிராம அலுவலர் பிரிவுவாரியான வயது விபரங்களைத் தமிழிலும் தாமதமின்றி வெளியிடுக. கொழும்புத் தமிழ்ச் சங்கமும், கோயில் பரிபாலன சபைகளும், பழைய மாணவர் சங்கங்களும் அவற்றைக் கொண்டு, எந்த ஒழுங்கையில் எத்தனை முதியோர் தனித்திருக்கின்றனர் என்று தாமே சென்று விசாரித்தறியட்டும். மாநகர சபை அவ்வீடுகளைத் தேடிச் செல்லும் தாதியரை நியமிக்கட்டும். அது நிறைவேறும்வரை, கும்பாபிஷேகத்துக்கு இலட்சக்கணக்கில் திரட்டும் நாம், வாரம் ஒருமுறை வந்து இரத்த அழுத்தம் பார்க்கும் ஒரு தாதியின் சம்பளத்தையும் திரட்டலாம்.