‘100 ஆண்டுக்கு ஒருமுறை மழை’ வந்துட்டா, அப்புறம் பயமில்லையா? நிகழ்தகவு சொல்வது என்ன?

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது, ‘இது 100 ஆண்டுக்கு ஒருமுறை வரும் மழை’ என்று பேசப்பட்டது. "அப்போ நம்ம காலத்துல இனி வராது" என்று எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. ஆனால் 8 ஆண்டுகளில், 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் மழையில் வடசென்னை மீண்டும் தத்தளித்தது. அப்படியென்றால் கணக்கு தப்பா?

1% என்றால் என்ன?

‘100 ஆண்டுக்கு ஒருமுறை’ என்பதன் அர்த்தம், ஒவ்வொரு ஆண்டும் 1% வாய்ப்பு. போன வருஷம் வந்துவிட்டதால் இந்த வருஷம் அது குறையாது. வண்ணாரப்பேட்டையில் ஒரே வீட்டில் 30 ஆண்டு குடியிருப்பவர் அப்படியொரு மழையை ஒருமுறையாவது பார்க்கும் வாய்ப்பு சுமார் 26%. நாலில் ஒரு பங்கு!

இந்த 1% எங்கிருந்து வருது?

பழைய மழைப் பதிவுகளை எண்ணிப் பார்ப்பதில் இருந்து. வாய்ப்பு என்பதே நீண்ட வரிசையில் ஒன்று எத்தனை முறை நடக்கிறது என்பதுதான் என்றார் ரிச்சர்ட் வான் மீசஸ். இதில் ஒரு சிக்கல்: கடல் சூடாகி வானிலையே மாறும்போது, பழைய எண்ணிக்கை எவ்வளவு பொருந்தும்?

‘நாளை மழைக்கு 60% வாய்ப்பு’ என்றால்?

நாளை என்பது ஒரே ஒரு முறைதான் வரும். அதை எண்ண முடியாது. அதனால், கையில் உள்ள ஆதாரத்தை வைத்து எவ்வளவு நம்பலாம் என்பதே வாய்ப்பு என்றனர் ஃபிராங்க் ராம்சேவும் புருனோ டி ஃபினெட்டியும். எம்.சி. ரோடு ஜவுளிக்கடைக்காரர் சரக்கை மேலே ஏற்றலாமா என்று முடிவெடுப்பது இந்தக் கணக்கில்தான்.

கார்ல் பாப்பர் சொன்னது மூன்றாவது: வாய்ப்பு என்பது சூழ்நிலைக்கே உள்ள இயல்பு. சூழ்நிலை மாறினால் வாய்ப்பும் மாறும்.

மூன்றும் மோதுகின்றனவா?

விளக்கம்தான் வேறு. 1933-ல் கோல்மகோரவ் வகுத்த கணித விதிகள் மூன்றுக்கும் பொருந்தும். ஒன்றை வைத்து இன்னொன்றைச் சோதிக்கவும் முடியும். ‘60%’ என்று சொன்ன நாட்களில், 100-க்குச் சுமார் 60 நாள் மழை பெய்தால், அந்தக் கணிப்பை நம்பலாம்.

வடசென்னைக்கு இதில் என்ன?

மழைக்கான வாய்ப்பு வேறு, தெருவில் தண்ணீர் நிற்பதற்கான வாய்ப்பு வேறு. முன்னது வானத்தின் கையில். பின்னது பக்கிங்காம் கால்வாயும் கேப்டன் காட்டன் கால்வாயும் தூர்வாரப்பட்டிருக்கிறதா என்பதையும் பொறுத்தது. அதே மழை பெய்தாலும் இந்த வாய்ப்பைக் குறைக்க முடியும். ‘100 ஆண்டுக்கு ஒருமுறை’ என்று யாராவது சொன்னால், கேட்க வேண்டிய கேள்வி: எதற்கு, மழைக்கா, வெள்ளத்துக்கா?