சீட் கிடைக்கும் முன்பே எம்.காம். பாடம் படிக்கலாமா?

ஏற்காடு மலையில் கிளியூர். அருவி பார்க்க வருகிறவர்களுக்கு அது ஒரு மதியப் பொழுது. அங்கேயே இருந்து படிக்கிறவர்களுக்கு சேலம் போய் வருவது என்றால் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, மறுபடியும் 20 ஏற வேண்டும்.

அந்த ஊரில் பி.காம். முடித்த ஒரு பெண் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எம்.காம். படிக்க ஆசை. இந்த வருடம் சீட் கிடைக்கவில்லை. "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்மா" என்கிறார்கள் வீட்டில். நவம்பரில் காபிப் பழம் பறிக்க ஆள் குறைந்தால் தோட்டத்துக்குப் போவாள். தை பிறந்தால் கல்யாணப் பேச்சு. அடுத்த ஜூன் வரும்போது விண்ணப்பம் வாங்கும் ஆசையே அவளுக்குப் போயிருக்கும்.

ஒரு வருடம் என்பது சும்மா ஒரு வருடம் இல்லை. பல பேருக்குப் படிப்பு அதோடு முடிந்துவிடுகிறது. அதனால்தான் இந்தக் கேள்வி முக்கியம்: சீட் கிடைக்கும் வரை காத்திருக்காமல், முதுகலைப் பாடங்களை முன்கூட்டியே படித்துவிட முடியாதா?

படிப்பதற்குத் தடை எதுவும் இல்லை. ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய என்பிடெல் இருக்கிறது. 2017-ல் வந்த ஸ்வயம் இருக்கிறது. பாடம் கேட்க காசு கிடையாது. சான்றிதழ் வேண்டும் என்றால் மட்டும் கட்டணம் கட்டி, தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். என்பிடெல்லில் வாராந்திர அசைன்மென்டுக்கு 25, தேர்வுக்கு 75 மதிப்பெண். கிளியூர்ப் பெண் தேர்வுக்காக ஒரு நாள் மலை இறங்கினால் போதும்.

ஆனால் அந்தச் சான்றிதழை எடுத்துக்கொண்டு போய் எம்.காம். சேர்க்கைக்கு நின்றால் என்ன ஆகும்? பெரும்பாலும் "நல்ல விஷயம், ஃபைலில் வைங்க" என்பார்கள். ரேங்க் லிஸ்டில் அதற்கு இடம் இல்லை. பிரச்சினை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

இது முடியாத காரியமா என்றால், இல்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்ளோவும் (2019-ல் பொருளாதார நோபல் வாங்கியவர்கள்) முன்னின்று தொடங்கிய முதுகலைப் படிப்பு ஒன்று இருக்கிறது. முதலில் ஆன்லைனில் பாடங்களைப் படிக்க வேண்டும். அதில் நன்றாகச் செய்தவர்கள் பிறகு முதுகலைக்கு விண்ணப்பிக்கலாம். ஆன்லைனில் எப்படிப் படித்தார்கள் என்பது அந்தத் தேர்வில் கணக்கில் வரும். ஆன்லைன் பாடங்கள் 2017-ல் தொடங்கின. முதல் குழு 2020-ல் நேரில் போய்ச் சேர்ந்தது.

அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பு ஒன்றை ஆரம்பித்தது. அது இளநிலைப் படிப்புதான். ஆனால் சேரும் முறையைப் பாருங்கள். முதலில் நான்கு வாரம் பாடம் நடத்துகிறார்கள். பிறகு அந்தப் பாடத்திலேயே தேர்வு. தேறினால் சேரலாம். "நீ படிக்கத் தகுதியானவனா" என்ற கேள்விக்குப் படிக்க வைத்துப் பார்த்தே பதில் கண்டுபிடிக்கிறார்கள். இதைவிட நியாயமான நுழைவுத் தேர்வு என்ன இருக்க முடியும்!

இங்கே ஒரு எதிர்வாதம் வரும். "இப்படித்தான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் என்று சொல்லி ஏமாந்தோமே!" என்று. அந்தக் கோபம் நியாயமானது. ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் இளநிலைப் பட்டம் இல்லாமலேயே திறந்தநிலை முறையில் நேரடியாக எம்.ஏ. வாங்க முடிந்தது. பலரும் வேலை பார்த்துக்கொண்டே பணம் கட்டிப் படித்தார்கள். 2009 பிப்ரவரியில் அண்ணாமலைப் பல்கலைக்கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது: அடிப்படைப் பட்டம் இல்லாமல் வாங்கிய முதுகலை செல்லாது, 1985-ன் யு.ஜி.சி. விதிகள் திறந்தநிலைக் கல்விக்கும் பொருந்தும். அதே வருடம் தமிழக அரசும், 10-ம் வகுப்பும் பிளஸ் டூவும் முடித்த பிறகு வாங்கிய திறந்தநிலைப் பட்டங்களே அரசு வேலைக்கும் பதவி உயர்வுக்கும் ஏற்கப்படும் என்று ஆணை போட்டது.

படித்தவர்கள் மேல் என்ன தப்பு? பல்கலைக்கழகம் கொடுத்த விண்ணப்பத்தை நம்பினார்கள். பணம் வாங்கியது ஒரு இடம், செல்லாது என்று சொன்னது இன்னொரு இடம். நடுவில் மாட்டிக்கொண்டது மாணவன்.

இந்தக் கதையிலிருந்து "முன்கூட்டிப் படிப்பதே தப்பு" என்று முடிவு கட்டினால் அது தவறு. கிளியூர்ப் பெண் பி.காம். முடித்தவள். அடிப்படைத் தகுதியைத் தாண்டிக் குதிக்க அவள் கேட்கவில்லை. வரிசையில் நிற்கும் நேரத்தை வீணாக்காமல் இருக்க மட்டுமே கேட்கிறாள். கற்க வேண்டிய பாடம் வேறு: எண்ணப்படுமா, படாதா என்பதைப் பணம் வாங்கும் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும்.

2021-ல் மத்திய அரசு கிரெடிட் வங்கி ஒன்றைத் திறந்தது. படித்த பாடங்களின் கிரெடிட்டை அதில் போட்டு வைக்கலாம். அதிகபட்சம் ஏழு ஆண்டு வரை செல்லும். பட்டம் கொடுக்கும் கல்வி நிறுவனத்தில் பாதி கிரெடிட்டாவது படித்திருக்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் காமர்ஸ் படித்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். டெபாசிட் வாங்கிக்கொள்கிற வங்கி, பணம் எடுக்கப் போனால் "அது அந்தந்தக் கிளையின் விருப்பம்" என்றால் அதற்குப் பெயர் வங்கியா? சேர்வதற்கு முன் படித்ததை ஏற்பதா வேண்டாமா என்பது இன்னும் பல்கலைக்கழகத்தின் கையில்தான் இருக்கிறது.

பெரியார் பல்கலைக்கழகம் மாதிரி மலை கிராமங்களையும் எல்லைக்குள் வைத்திருக்கும் பல்கலைக்கழகங்கள் ஒரு பட்டியல் போட்டால் போதும். இந்த நான்கைந்து பாடங்களை முன்பே முடித்தால் சேர்க்கையில் இத்தனை மதிப்பெண், சேர்ந்த பிறகு இத்தனை கிரெடிட் என்று. இட ஒதுக்கீட்டைத் தொடவே வேண்டாம். அந்தந்தப் பிரிவுக்குள் ரேங்க் போடும்போது சேர்த்துக்கொண்டால் போதும். நெட் வசதி உள்ளவர்களுக்கே இது லாபம் என்பார்கள். உண்மைதான். அதற்கு ஊர் நூலகத்தில் இரண்டு கம்ப்யூட்டர் வைப்பதுதான் பதில், கதவைச் சாத்துவது இல்லை.

அது வரும் வரை மாணவர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். படியுங்கள், இலவசமாகக் கிடைப்பதை எல்லாம் படியுங்கள். ஆனால் யாராவது "இப்போ கட்டுங்க, பின்னாடி பட்டத்துல சேத்துக்கலாம்" என்று பணம் கேட்டால், எந்த விதியின்படி என்று எழுதித் தரச் சொல்லுங்கள். கடைக்காரரிடம் அட்வான்ஸ் கொடுத்தாலே ரசீது கேட்கிறோம். ஒரு வருட வாழ்க்கையைக் கொடுக்கும்போது கேட்கக் கூடாதா?