நாற்பது லட்சம் தலை இருந்தால்தான் மின்பேருந்தா?

மத்திய அரசின் 'பி.எம். இ-டிரைவ்' திட்டத்தின் பேருந்துக் கணக்கைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. 10,900 கோடி ரூபாய்த் திட்டத்தில் 4,391 கோடி மின்பேருந்துகளுக்கு. மொத்தம் 14,028 பேருந்துகள். முதல் பந்தியில் உட்கார, ஊரில் 40 லட்சம் பேருக்கு மேல் இருக்க வேண்டும். நாடு முழுக்க ஒன்பது நகரங்கள் தேறின. தமிழ்நாட்டில் சென்னை மட்டும்.

எங்கள் கடலூர் மாவட்டம் முழுவதையும், திட்டக்குடியிலிருந்து காட்டுமன்னார்கோவில் வரை, கூட்டிப் பார்த்தாலும் 2011 கணக்கெடுப்பில் 26 லட்சம்தான். பக்கத்து மயிலாடுதுறையைக் கடன் வாங்கினாலும் எட்டாது. சிதம்பரத்து ஆருத்ரா தரிசனக் கூட்டத்தையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லலாமோ என்னவோ! சிறு நகரங்களுக்கென்று 2023இல் வந்த 'பி.எம். இ-பஸ் சேவா'வுக்கு 3 லட்சம் வேண்டும். அதே 2011 கணக்கில் கடலூர் நகரத்தில் 1.73 லட்சம், சிதம்பரத்தில் 62 ஆயிரம். மாநில அரசின் 2023 மின்வாகனக் கொள்கையும் ஆறு நகரங்களோடு நின்றுகொண்டது. அதிலும் நாம் இல்லை.

சென்னைக்கு விளக்கெரியத் தன் நிலத்தைக் கொடுத்த மாவட்டம் இது. நெய்வேலி அனல்மின் நிலையச் சாம்பல் இங்கே விழும். சத்தமில்லாத மின்பேருந்து சென்னை வியாசர்பாடியிலிருந்து புறப்படும். இதற்குப் பெயர் பசுமைக் கொள்கையாம். நிலக்கரியில் பிறந்த மின்சாரம்தானே என்று கேட்பவர்கள், டீசல் புகைக்குப் பின்னால் ஒருநாள் பைக்கில் போய்விட்டு வந்து பேசட்டும்.

தனியார் வாகனங்களுக்காவது கைகொடுத்தார்களா? இருசக்கர வாகன மானியம் கிலோவாட் மணிக்கு 10,000 ரூபாயிலிருந்து 5,000, பிறகு 2,500 என்று தேய்ந்தது. 2025 செப்டம்பரில் 350 சிசி வரையிலான பெட்ரோல் வண்டிகளுக்கு ஜிஎஸ்டியை 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைத்தார்கள். மின்வாகனத்துக்கு அதே 5. இருபத்துமூன்று புள்ளி இடைவெளி பதின்மூன்றாகிவிட்டது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குவது இதுதான்.

சிதம்பரத்தில் ஒரு சந்து வீட்டில் பார்த்தேன். ஜன்னல் வழியே ஒயரை இழுத்து பேட்டரி ஆட்டோவுக்குச் சார்ஜ் போட்டிருந்தார்கள். தூறலுக்கு மறைப்பாக எக்ஸ்டென்ஷன் பெட்டிமேல் சோற்றுப் பானை மூடி. "கரென்ட் போனா மறுநாள் பொழப்பு போச்சு சார்" என்றார் ஓட்டுநர். 2011 டிசம்பரில் தானே புயல் மின்கம்பங்களைச் சாய்த்துவிட்டுப் போனதைப் பார்த்த ஊர். அவருக்குப் பயம் இருக்காதா? பணிமனையில் பொதுச் சார்ஜரும், அதற்கு மாற்று மின்சாரமும் இருந்தால் இந்தப் பானை மூடிக்கு வேலையில்லை.

பேருந்துக்கே வருவோம். கடலூர்–சிதம்பரம் ஏறக்குறைய 45 கிலோமீட்டர். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பு.முட்லூர் என்று சமதரை, ஏற்றமே கிடையாது. ஒரு சார்ஜில் 200 கிலோமீட்டர் ஓடும் பேருந்து இரண்டு முறை போய்வரும். மதியம் ஓட்டுநர் சாப்பிடும் நேரத்தில் வண்டிக்கும் கொஞ்சம் ஊட்டினால் இன்னொரு நடை. பத்தே பத்து பேருந்து கொடுத்துப் பாருங்கள்; ஐந்தாண்டில் இந்தத் தடத்தில் டீசல் வண்டிக்கு ஆள் ஏறாது.